மெலியாத இரத்தம்: ஒற்றைக் கீழறை இதயத்திற்கான மருந்துகளும் அவற்றை உரைக்கும் தமிழும்



மொழியியல் படித்தவர் மருந்துகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் மருத்துவர் அல்லோம். யாருக்கு எந்த மருந்து, எத்துணை அளவு என்பதைச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அதனை அவரவர் மருத்துவரே சொல்லவேண்டும். எனினும், மருத்துவர் எழுதிய மருந்து நோயாளியைச் சென்றடையும் வழியில் ஒரு சொல்லைக் கடந்தே செல்கிறது. அந்தச் சொல் நம் துறையைச் சேர்ந்தது. அச்சொல்லில் நாம் செய்த ஒரு பிழையே இவ்வுரை பிறக்கக் காரணம். ஆதலின், அப்பிழையிலிருந்தே தொடங்குவோம்.

1. ஒரு பிழையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பிறவியிலேயே அவன் இதயத்தில் பயன்படத்தக்க கீழறை ஒன்றே அமைந்திருந்தது. ஆறு வயதுக்குள் மூன்று அறுவைச் சிகிச்சைகளைக் கடந்து வந்தவன் அவன். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். ஆங்கிலம் நன்கு அறிந்தவர்கள். ஆனால், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு உணவு கொடுப்பதும் மாலை மாத்திரையைக் கொடுப்பதும் பாட்டியின் பொறுப்பு. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். ஆங்கிலத்தில் இருந்த மருந்துக் குறிப்பைப் பாட்டிக்காகத் தமிழில் எழுதித் தருமாறு அவர்கள் நம்மைக் கேட்டனர். எழுதிக் கொடுத்தோம். வார்ஃபரின் என்ற பெயருக்கு எதிரே, 'இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து' என்று குறித்தோம். ஆங்கிலப் பேச்சு வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு அது. எழுதும்போது நமக்கு எந்த ஐயமும் எழவில்லை.

சில வாரங்கள் கழித்து, வழக்கமான இரத்தப் பரிசோதனையில் மருந்தின் விளைவு இருக்கவேண்டிய அளவுக்கு மிகவும் கீழே இருப்பது தெரியவந்தது. வீட்டில் விசாரித்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது. பிள்ளை சோர்ந்து காணப்பட்ட நாள்களில் பாட்டி அந்த மாத்திரையை மட்டும் கொடுக்காமல் விட்டிருந்தார். நம்மைக் கண்டதும் அவரே சொன்னார்: "புள்ள ஏற்கனவே மெலிஞ்சு கெடக்கு, சார். ரத்தமும் மெலிஞ்சா தாங்குவானா? அதான் சோர்வா இருக்குற அன்னிக்கு மட்டும் குடுக்கல."

நல்லூழாக, சிறுவனுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆனால், பாட்டி செய்தது கவனக்குறைவு அன்று. நாம் எழுதிய சொல்லை அவர் படித்தார். அதன் பொருளைத் தமிழறிந்த எவரும் கொள்ளும் வகையில் கொண்டார். பேரனைக் காக்கும் அன்பினால் அதற்கேற்ப நடந்தார். தமிழில் மெலிதல் என்பது குறைவைக் குறிப்பது. மெலிந்த உடல், மெலிந்த குரல், மெலியார் என எங்கு நோக்கினும் வலிமையின் இழப்பே அதன் பொருள். அத்துடன், அம்மருந்து உண்மையில் இரத்தத்தை மெலிதாக்குவதும் இல்லை. இரத்தத்தின் அடர்த்தி அப்படியே இருக்கும். இரத்தம் உறைவதற்குத் தேவையான சில பொருள்களைக் கல்லீரல் ஆக்குவதை அம்மருந்து குறைக்கிறது. அதனால் உறைதல் தாமதமாகிறது. ஆக, நாம் எழுதிய சொல் மருத்துவ நோக்கிலும் பிழை, தமிழ் நோக்கிலும் பிழை. பிழை முற்றிலும் நம்முடையது.

2. வழி மாற்றப்பட்ட இரத்தம்

இத்தகைய பிள்ளைகளுக்கு மருந்து ஏன் இத்துணை முக்கியம் என்பதை உணர, அவர்களின் இதயத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இயல்பான இதயத்தில் கீழறைகள் இரண்டு. வலக் கீழறை, உடலைச் சுற்றி வந்த இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடக் கீழறை, நுரையீரலில் உயிர்வளி பெற்ற இரத்தத்தை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. சில குழந்தைகளுக்கு இவ்விரண்டில் ஒன்று வளராமலோ மிகச் சிறியதாகவோ அமைந்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் ஒரே கீழறை இரண்டு வேலைகளையும் செய்ய முயன்று சோர்கிறது. ஒரு காலத்தில் இக்குழந்தைகளுள் பலர் முதல் பிறந்தநாளைக் கண்டதில்லை.

1968ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபோன்டன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு புதிய வழியைக் கையாண்டார். உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தைக் கீழறையின் உதவியின்றி நேரே நுரையீரல் தமனிக்கு அனுப்பினார். 1971இல் அவரும் யூஜீன் போதேயும் இதனை 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டனர். இன்று இப்பணி பெரும்பாலும் மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. பலருக்கு, பிறந்த சில நாள்களில் முதற்கட்டம். ஏறத்தாழ 4 முதல் 6 மாதங்களில், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் சிரை நுரையீரலுடன் இணைக்கப்படுகிறது. 1958இல் இதற்கு வழிகாட்டிய அமெரிக்க மருத்துவர் கிளென்னின் பெயரால் அது வழங்குகிறது. 2 முதல் 5 வயதுக்குள், உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் சிரையும் இணைக்கப்படுகிறது. அதுவே ஃபோன்டன் முறை.

அதன் பின்னர் ஒரே கீழறை உடலுக்கு மட்டும் உழைக்கிறது. நுரையீரலுக்குச் செல்லும் இரத்தமோ தள்ளுவார் இன்றித் தானே செல்லவேண்டும். மாணவர்களுக்கு இதனை விளக்க நம் அடுக்குமாடி வீடுகளையே காட்டலாம். மேல்மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் இயந்திரத்தின் உதவியின்றி இறங்குகிறது. தொட்டி உயரத்தில் இருக்கவேண்டும். குழாய் அகலமாகவும் அடைப்பின்றியும் இருக்கவேண்டும். இவர்கள் உடலிலும் அப்படியே. சிரைகளில் அழுத்தம் இயல்பைவிட உயர்ந்திருக்கவேண்டும்; நுரையீரலின் குழாய்கள் தளர்ந்திருக்கவேண்டும்; வழியில் எங்கும் இரத்தம் உறைந்து நிற்கக்கூடாது.

இவ்வறுவையைக் குறிக்கும் சொற்களின் வரலாறும் நம் கவனத்திற்குரியது. 1971ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் 'சீரமைப்பு' என்று பொருள்படும் சொல் இருந்தது. 1990இல் ஃபோன்டன் தம் துணைவர்களுடன் மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். எல்லாம் குறைவற அமைந்த அறுவைக்குப் பின்னும், ஆண்டுகள் செல்லச் செல்ல நோயாளிகளின் நிலை எவ்வாறு சரிகிறது என்பதை அது காட்டியது. அக்கட்டுரையின் தலைப்பில் 'குறைவற்ற' என்ற சொல்லை அவர் மேற்கோள் குறிகளுக்குள் இட்டார். தாம் படைத்த முறைக்குத் தாமே வைத்த அந்தக் குறிகளில் ஓர் அறிஞரின் நேர்மையைக் காண்கிறோம்.

நம் வீடுகளிலோ, மூன்றாம் அறுவை முடிந்ததும் 'குணமாகிவிட்டது' என்கிறோம். மகிழ்ச்சியில் பிறக்கும் சொல் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால், குணமானவருக்கு மருந்து எதற்கு, ஆண்டுதோறும் மருத்துவமனை எதற்கு என்ற கேள்வி அச்சொல்லுடன் ஒட்டிக்கொண்டே வருகிறது. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை தானே கேட்கும். மருத்துவர்கள் இவ்வறுவையைத் 'தணிப்பு' என்னும் வகையில் சேர்ப்பர். அதை அப்படியே மொழிபெயர்க்கப் புகுந்தால் வேறோர் இடர் உண்டு; வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்புக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்லே வழங்குகிறது. அகராதியைப் புரட்டி அப்பொருளை எடுத்து ஒரு தாயிடம் கொடுத்தால் அவர் நிலைகுலைந்து போவார். 'இரத்தம் செல்லும் வழியை மாற்றியிருக்கிறார்கள். புதிய வழியை வாழ்நாள் முழுவதும் கவனிக்கவேண்டும்' என்பதே நாம் கண்டவற்றுள் உண்மைக்கு நெருக்கமான தமிழ்.

3. நான்கு வேலைகள், நான்கு வினைச்சொற்கள்

அறுவைக்குப் பின்னர்த் தரப்படும் மருந்துகள் பல. அவற்றின் பெயர்ப்பட்டியல் அச்சமூட்டும். ஆனால், அவை செய்யும் வேலைகளை நோக்கினால் பெரும்பாலும் நான்கு வினைச்சொற்களில் அடங்கும்.

முதலாவது, உறைவைத் தாமதப்படுத்துதல். தள்ளுவார் இன்றி மெல்லச் செல்லும் இரத்தம் எளிதில் உறையும். ஆஸ்பிரின், இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது. வார்ஃபரின் முன்னர்க் கூறியவாறு செயற்படுகிறது. அதன் செயல் 'கே' உயிர்ச்சத்தைச் சார்ந்தது. கீரை வகைகளில் அச்சத்து மிகுதி. இங்கும் ஒரு சொல் வழுக்குகிறது. 'கீரையில் கவனம் தேவை' என்று சொன்னால், முருங்கைக் கீரையை வீட்டிலிருந்தே விலக்கிவிடுவோர் உளர். பொதுவாக மருத்துவர்கள் வேண்டுவது, ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் ஒன்றுமின்றியும் உண்ணாமல், ஏறக்குறைய ஒரே அளவாக உண்ணுதலே. 'அளவு மாறாமல்' என்ற இரண்டு சொற்கள் அங்குப் போதும். மேலும், உறைந்த இரத்தத்தை 'இரத்தக்கட்டி' என்று சொல்லும் வழக்கமும் உண்டு. கட்டி என்றதும் புற்றுநோயை நினைப்பவர் பலர். 'உறைவு' என்பது ஐயத்திற்கு இடமற்ற சொல்.

இரண்டாவது, தேங்கிய நீரை வெளியேற்றுதல். சிரை அழுத்தம் உயர்ந்திருப்பதால் காலிலும் வயிற்றிலும் நீர் சேரக்கூடும். ஃபுரோசமைடு போன்றவை அதனைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மக்கள் வழக்கில் இவை 'நீர் மாத்திரை' எனப்படும். அந்தப் பெயரே நல்ல பெயர். அதனினும் கடினமான கலைச்சொல்லை நாம் படைக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, நுரையீரல் குழாய்களைத் தளர்த்துதல். குழாய் தளர்ந்தால் இரத்தம் எளிதில் இறங்கும். சில்டெனாஃபில், உடெனாஃபில், போசென்டன், மாசிடென்டன் ஆகியவை இவ்வகையின.

நான்காவது, ஒற்றைக் கீழறையின் சுமையைக் குறைத்தல். எனலாப்ரில் போன்றவை உடலின் இரத்தக் குழாய்களை விரித்து, கீழறை குறைந்த தடையை எதிர்த்து உழைக்கச் செய்கின்றன.

இவற்றுக்கு அப்பால், சிலருக்குக் குடலின் வழியே புரதம் வெளியேறும் கடுமையான நிலை ஏற்படுகிறது. அப்போது குடலின் அழற்சியைத் தணிக்கும் புடெசொனைடு போன்ற மருந்து பயன்படுத்தப்படுவதுண்டு. தாமதப்படுத்து, வெளியேற்று, தளர்த்து, சுமை குறை: இந்நான்கு வினைகளையும் ஒரு பாட்டி ஒரே மாலையில் கற்றுக்கொள்வார். வினை தெரிந்தவர் மாத்திரையை விடார்.

4. மருந்துப் பெயரின் பகுதியும் விகுதியும்

மருந்துப் பெயர்களைக் கேட்டு மாணவர் மலைக்கின்றனர். இலக்கணம் கற்றவர் மலைக்கவேண்டியதில்லை. பகுபதத்தைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி நம் வகுப்பறையில் உண்டு; அதனை இங்கும் கையாளலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 1950ஆம் ஆண்டு தொடங்கி, மருந்துகளுக்கு உலகப் பொதுப்பெயர் வழங்கும் ஒரு முறையை நடத்தி வருகிறது. அம்முறையில் ஒரே வகையில் செயற்படும் மருந்துகளின் பெயர்கள் ஒரே ஈற்றைப் பெறும். 'ப்ரில்' என முடிபவை எனலாப்ரிலின் உறவுகள். அவற்றுள் முதலில் நோயாளிகளைச் சென்றடைந்த காப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியே உருவானது. 'அஃபில்' என்பவையும் 'என்டன்' என்பவையும் குழாயைத் தளர்த்தும் இருவேறு குடும்பங்கள். ரிவரொக்சாபன், அபிக்சாபன் ஆகியவற்றின் ஈற்றில் உள்ள 'எக்ஸ்ஏ' எழுத்துகள், அவை தடுக்கும் பத்தாம் உறைபொருளைச் சுட்டுகின்றன. எக்ஸ் என்பது உரோமானிய எண்ணில் பத்து. விகுதி திணை, பால், எண், இடம் காட்டுவதுபோல் இவ்வீறுகள் குடும்பம் காட்டுகின்றன.

எல்லாப் பெயரும் இவ்வாறு பகுபதம் ஆவதில்லை. வார்ஃபரினின் முற்பகுதி, அதன் ஆய்வுக்கு ஆதரவளித்த விஸ்கான்சின் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததன் காரணத்தைத் தேடியபோது தொடங்கிய ஆய்வு அது. 1948இல் எலி மருந்தாக வந்த வார்ஃபரின், 1954இல் மனிதருக்கான மருந்தாயிற்று. இவ்வரலாற்றை அரைகுறையாக அறிந்து, 'பிள்ளைக்கு எலி மருந்தா?' என்று கலங்குவோர் இன்றும் உளர். அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டும். அந்த அளவைக் காக்கவே அடிக்கடி இரத்தப் பரிசோதனை நடைபெறுகிறது.

இன்னொரு தாய் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது நினைவுக்கு வருகிறது. தம் மகளுக்குத் தரப்பட்ட சில்டெனாஃபில் என்ற பெயரை அவர் தேடிப் பார்த்திருக்கிறார். வயாகரா என்று வந்திருக்கிறது. வெளியே சொல்லவும் இயலாமல், மாத்திரையைக் கொடுக்கவும் மனமில்லாமல் இரண்டு நாள் தவித்திருக்கிறார். 1998இல் ஆண்களின் குறைபாட்டுக்கென ஒப்புதல் பெற்ற அதே மூலக்கூறு, 2005இல் நுரையீரல் தமனி அழுத்த நோய்க்கும் ஒப்புதல் பெற்றது. இரண்டு இடங்களிலும் வேலை ஒன்றே: குழாயைத் தளர்த்துதல். வணிகப்பெயர் ஒரு மருந்தின் ஒரே ஒரு பயனை நினைவூட்டும். பொதுப்பெயர் அதன் குடும்பத்தைக் காட்டும். இதனை முன்கூட்டியே இரண்டு வரியில் யாரேனும் தமிழில் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள்கள் நேர்ந்திரா.

5. இல்லை என்பதும் நிறுவப்படவில்லை என்பதும்

இப்போது நாம் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறோம். இம்மருந்துகள் உண்மையில் எத்துணைப் பயன் தருகின்றன? இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

2010இல் வட அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒற்றைக் கீழறையுடன் பிறந்த 230 குழந்தைகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு எனலாப்ரில். மற்றதற்கு மருந்துச்சத்து அற்ற ஒப்பீட்டுப் பொருள். அதனைப் 'போலி மருந்து' என்போர் உண்டு. அச்சொல் கள்ளச் சந்தை மருந்தையும் குறிப்பதால் 'வெறுமருந்து' என்பதே தக்கது. குழந்தைகள் 14 மாத வயதை எட்டியபோது, வளர்ச்சியிலும் இதயச் செயற்பாட்டிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதனை 'எனலாப்ரிலால் பயனில்லை' என்று சுருக்கினால் என்ன ஆகும்? தளர்ந்த கீழறையுடைய இருபது வயது இளைஞருக்கு, அவர் நிலையை ஆராய்ந்து அம்மருந்தை எழுதிய மருத்துவர்மீது குடும்பம் ஐயம் கொள்ளும். ஆய்வு சொன்னது, கைக்குழந்தைகள் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதனால் பயன் காணப்படவில்லை என்பதே. யாருக்கு, எப்போது என்ற அடைகளை நீக்கிவிட்டால் வாக்கியம் வேறு செய்தியாகிவிடும்.

உடெனாஃபில் ஆய்வில் 12 முதல் 18 வயது வரையுள்ள 400 பேர் பங்கு பெற்றனர். 26 வாரங்களுக்குப் பின், உச்ச உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் உயிர்வளியின் அளவு மருந்து பெற்றோரிடையே சிறிது கூடியிருந்தது. ஆனால், அது தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் கூடவில்லை. மிதமான உழைப்பை அளந்தபோதோ முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. போசென்டன் மருந்தை 75 பேரிடம் ஆராய்ந்த ஆய்வு உழைக்கும் திறன் கூடியதைக் கண்டது. அதே ஈற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த மாசிடென்டன் மருந்தை 137 பேரிடம் ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த முதன்மைப் பயன் காணப்படவில்லை. ஈறு ஒன்றாயினும் விடை ஒன்றாவதில்லை.

உறைவைத் தாமதப்படுத்தும் மருந்துகளிலும் இதே நிலை. 2011இல் வெளியான ஆய்வில், ஃபோன்டன் அறுவை பெற்ற 111 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். ஆஸ்பிரினுக்கும் வார்ஃபரினுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு பிரிவிலும் சிலருக்கு உறைவு ஏற்படவே செய்தது. பின்னர், 2 முதல் 8 வயது வரையுள்ள 112 பிள்ளைகளிடம் ரிவரொக்சாபனும் ஆஸ்பிரினும் ஒப்பிடப்பட்டன. ரிவரொக்சாபன் பிரிவில் உறைவு குறைவாக இருந்தது. எனினும் புள்ளியியல் நோக்கில் உறுதி கூறும் அளவுக்கு அவ்வேறுபாடு அமையவில்லை. 2021இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு இப்பயன்பாட்டுக்கு அதற்கு ஒப்புதல் அளித்தது. 'வேறுபாடு காணப்படவில்லை' என்பதை 'இரண்டும் ஒன்றே' என்று நாம் மொழிபெயர்த்துவிட்டால், ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தாமே தொடங்கும் துணிவு ஒருவருக்கு வந்துவிடும்.

டிகாக்சின் என்னும் மருந்து இன்னொரு பாடம் தருகிறது. நரிக்கையுறைச் செடியின் மருத்துவப் பயனை 1785இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் எழுதினார். அவ்வகைச் செடியிலிருந்தே டிகாக்சின் பெறப்படுகிறது. முதல் அறுவைக்கும் இரண்டாம் அறுவைக்கும் இடைப்பட்ட ஆபத்தான மாதங்களில் அம்மருந்தைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு குறைவாக இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால், அது குலுக்கல் முறையில் மருந்தைப் பகிர்ந்து செய்த சோதனை அன்று. முன்பே நடந்தவற்றைத் தொகுத்து நோக்கியது. இங்கே நம் மூன்றாம் வேற்றுமையை நினைவுகூர்க. கருவிப் பொருளும் உடனிகழ்ச்சிப் பொருளும் அவ்வேற்றுமையில் ஒருங்கே அடங்கும். 'டிகாக்சினால் இறப்பு குறைந்தது' என்பது கருவி. காரணத்தை உறுதிப்படுத்தும் கூற்று. 'டிகாக்சினோடு குறைந்த இறப்பு சேர்ந்து காணப்பட்டது' என்பது உடனிகழ்ச்சி. சேர்ந்திருந்ததை மட்டும் கூறுவது. 'ஆல்' உருபுக்கும் 'ஓடு' உருபுக்கும் இடையே உள்ள தொலைவு, இவ்வகை ஆய்வுக்கும் குலுக்கல் முறைச் சோதனைக்கும் இடையே உள்ள தொலைவே ஆகும். நம் இலக்கண ஆசிரியர்கள் ஒரே வேற்றுமைக்குள் வைத்தும் பிரித்துக் காட்டிய பொருள்களை நாம் செய்திக் குறிப்பில் கலந்துவிடக் கூடாது.

'லாம்' என்ற ஈற்றிலும் விழிப்புத் தேவை. அது வாய்ப்பையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். 'இரத்தம் கசியலாம்' என்பது வாய்ப்பு. 'மாத்திரையை நிறுத்தலாம்' என்பது அனுமதி. 'மருத்துவர் சில நாள் நிறுத்தலாம்' என்ற வரியைப் படிக்கும் முதியவர், நிறுத்த அனுமதி உண்டு என்று கொண்டால் அவரைப் பிழை கூற இயலாது. வாய்ப்புக்குக் 'கூடும்' என்றும், கட்டளைக்கு 'வேண்டும்' என்றும், விலக்குக்குக் 'கூடாது' என்றும் பிரித்து எழுதுவோமாயின் மருந்துக் குறிப்புகளில் பெரும்பாலான மயக்கம் தீரும்.

6. நாற்கூற்று மருந்து

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறள், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுக்கிறது. அருகிருந்து கொடுப்பவரை மருத்துவருக்கு இணையாக வைத்து எண்ணிய சிந்தனை அது. நம் வீடுகளில் அந்நான்காம் இடத்தில் இருப்பவர் பலவேளைகளில் பாட்டி, அல்லது தாத்தா. அவருக்குச் சேரவேண்டிய சொல்லைச் சேர்ப்பது தமிழ் கற்றவர்களின் கடன்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு நாம் பெரும்பாலும் கதைப்பகுதிகளையும் செய்திகளையுமே கொடுக்கிறோம். ஒருமுறை ஒரு மருந்துக் குறிப்பைக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் அதனைத் தமிழாக்கியபின் தம் வீட்டு முதியவரிடம் படித்துக் காட்டட்டும். 'இதைக் கேட்டதும் என்ன செய்வீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பர். என்ன செய்வீர்கள் என்று கேட்டால்தான் சொல் எங்கே தவறியது என்பது தெரியும். நாம் அன்று அப்பாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் ஆவீர்கள். இன்று ஒற்றைக் கீழறையுடன் பிறக்கும் பிள்ளைகளுள் பலர் வளர்ந்து உங்களைப்போல் கல்லூரிக்கு வருகின்றனர், வேலைக்குச் செல்கின்றனர், திருமணத்தைப் பற்றி எண்ணுகின்றனர். வார்ஃபரினும் 'ப்ரில்' குடும்பமும் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைக்கக்கூடும் என்பதால், மணமாகும் பெண்ணிடம் அதனை முன்கூட்டியே, கூச்சமும் குழப்பமும் இல்லாமல் பேசவேண்டிய காலம் இது. அதைப் பேசுவதற்கும் தெளிந்த தமிழ் வேண்டும்.

அந்தப் பாட்டிக்கு நாம் குறிப்பை மாற்றி எழுதிக் கொடுத்தோம். வார்ஃபரினுக்கு எதிரே இப்போது இருந்தது: 'இரத்தம் உறைந்து வழியை அடைக்காமல் காக்கும் மாத்திரை. பிள்ளை சோர்வாக இருந்தாலும் கொடுக்கவேண்டும். சோர்வு மிகுந்தால் மருத்துவரை அழைக்கவேண்டும். நாமாக நிறுத்தக்கூடாது.' பாட்டி அதனை இருமுறை வாய்விட்டுப் படித்தார். பின்னர், "இப்படி மொதல்லயே எழுதியிருக்கலாமே, சார்" என்றார்.

எழுதியிருக்கலாம். எழுதியிருக்கவேண்டும். இனி எழுதுவோர் நீங்கள்.